பழகு

மாரண்டஹள்ளிப் பக்கத்துக் காடுகழனியில் இளங்காளையை நுகத்தில் பூட்டினால் முதல் சில நாள் திமிறும். "இன்னும் பழகல" என்பார்கள். சிலம்பம் கற்றவரையும் அதே சொல்லால்தான் சொல்கிறோம்: கம்பு பழகினவர்.

பழமை, பழசு, பழக்கம், பழகு எல்லாம் 'பழ' என்னும் ஒரே வேரில் கிளைத்தவை. புதிய அசைவு ஒன்றை உடம்புக்குப் பழசாக்குவதே பழகுவது. 'பயில்' என்ற சொல்லும் அழகானதுதான். நெருங்குதல், அடிக்கடி நிகழ்தல் என்ற பொருள்கள் அதற்கு உண்டு. ஆனால் என் மனம் பழகு பக்கமே சாய்கிறது. மனிதரோடு நட்பாவதற்கும் அதுதானே சொல்!

சிலம்பத்தில் வீச்சுக்கு முன் காலடி. முன்கால் நகரும், பின்கால் தொடரும், குதிகால் இழுத்த கோடு மண்ணில் ஆழமாகும். கண் தன் கம்பை விட்டு எதிராளியின் தோளைக் கவனிக்கத் தொடங்கும்போது கால் தானாக நகர்ந்திருக்கும். பயம் அப்போதும் இருக்கும், காலைக் கட்டிப்போடாது.

மாரண்டஹள்ளி இருக்கும் தருமபுரி மாவட்டம், போரில் இறந்த வீரர்களுக்கு நட்ட நடுகற்களுக்குப் பேர்போனது. அவற்றின் எழுத்தில் வரும் 'தொறு' என்பது ஆநிரை. 'பட்டான்' என்றால் போரில் இறந்தான். ஆநிரை கவர்ந்தவர்கள் நாள் குறித்துச் சொல்லிவிட்டு வந்ததில்லை. மீட்கப் போனவனுக்கு முன்பே பழகிய கைகால்தான் துணை. அந்தக் கற்களின் முன் நிற்கும்போது வில்லையும் வாளையும் விட நான் கால்களையே பார்க்கிறேன். பலவற்றில் முழங்கால் மடங்கி, அடுத்த அடிக்குத் தயாராக இருக்கிறது.