கைவினைஞன் பெயர் பொறித்த துப்பாக்கி

மரக்காணத்து உப்பளங்களில் இரும்புக்கு ஆயுள் குறைவு. பாத்தியில் பூத்த உப்பை வாரிக் குவிப்பதற்கு அங்கே மரப்பலகையைத்தான் கையாளுகிறார்கள். உப்பில் மட்டுமா, வீசுகின்ற காற்றிலேயே உப்பு கலந்திருக்கிறது. அரிவாளையும் பூட்டையும் சும்மா விடாத அந்தக் காற்று, வேட்டைத் துப்பாக்கியை மட்டும் விட்டுவிடுமா? போதாக்குறைக்கு, கருமருந்து வெடித்தபின் குழலுக்குள் ஒட்டியிருக்கும் கசடும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையது. சுட்ட அன்றே குழலைக் கழுவித் துடைத்து எண்ணெய் பூசாவிட்டால் துரு பிடித்துவிடும். ஆகவே இக்கரையில் துப்பாக்கி வைத்திருந்தவர்களுக்கு, அதனைக் கழற்றவும் திரும்பக் கோக்கவும் தெரிந்திருக்க வேண்டும்; சுடத் தெரிந்திருப்பது அதற்கு அடுத்தபடிதான்.

கழற்றிக் கோக்கும் வேட்டைத் துப்பாக்கியைப் பற்றிப் பேசும்போது, நம்மவர்கள் பெரும்பாலும் லண்டன் நகரத்துக் கம்பெனிகளின் பெயர்களைச் சொல்லிப் பெருமைப்படுவார்கள். ஒருவருடைய தோளுக்கும் கைக்கும் அளவெடுத்து, அவருக்கென்றே ஒரு துப்பாக்கியைச் செய்து தரும் கலை அங்கேதான் பிறந்தது என்பது பலருடைய எண்ணம். அது சரியன்று. அந்தக் கலை நம் நாட்டிலும் இருந்தது. அது எப்படி இருந்தது, எப்படிப் போயிற்று என்பதையே இங்கே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். துப்பாக்கி என்னும் சொல் துருக்கியரின் ‘துஃபெக்’ என்பதிலிருந்து வந்தது. வடநாட்டார் வழங்கும் ‘பந்தூக்’ என்பதோ அரபுச் சொல். ‘புந்துக்’ என்றால் ஒருவகைக் கொட்டை. அந்தக் கொட்டையைப் போல் உருட்டிய களிமண் உருண்டைக்கு அப்பெயர் ஆயிற்று. பின்னர் அது துப்பாக்கிக்கே பெயராயிற்று. இந்தக் களிமண் உருண்டையை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். பின்னால் அது நமக்குத் தேவைப்படும்.

1526-ல் பானிப்பட்டுக் களத்தில் பாபர் திரிவைத்துச் சுடும் துப்பாக்கிகளைப் பயன்படுத்தினார். அவருடைய பேரர் அக்பர் காலத்தில் துப்பாக்கி செய்வது அரண்மனைத் தொழிலாகவே வளர்ந்தது. அபுல் பஸல் தம்முடைய ‘ஆயினே அக்பரி’யில் அதற்கெனத் தனிப்பகுதி ஒதுக்கியிருக்கிறார். இரும்புத் தகட்டை வெறுமனே வளைத்து விளிம்போடு விளிம்பு பொருத்தினால் குழல் வெடித்துப் போகும். அதனால் தகட்டைச் சாய்வாகச் சுருட்டி, ஒரு மடிப்பின்மேல் மற்றொரு மடிப்பு ஏறும்படி செய்து, தீயில் காய்ச்சி இணைத்தார்கள் என்று அவர் எழுதுகிறார். 16 குழல்களை ஒரே சமயத்தில் துப்புரவு செய்யும் சக்கரம் ஒன்றையும் குறிப்பிடுகிறார். இவற்றைவிட என் மனத்தைத் தொட்டது வேறொரு செய்தி. முடிந்த துப்பாக்கியின்மேல் கச்சா இரும்பின் எடை, செய்து முடித்தபின் நின்ற எடை, இரும்பு வந்த ஊர், செய்த தொழிலாளியின் பெயர், செய்த இடம், தேதி, வரிசை எண் ஆகிய அனைத்தும் பொறிக்கப்பட்டனவாம். பாதுஷாவின் கையில் இருக்கும் கருவியில் கொல்லனின் பெயர்! 1568-ல் சித்தூர் முற்றுகையின்போது அக்பர் கையிலிருந்த ‘சங்கிராம்’ என்னும் துப்பாக்கி வரலாற்றில் பெயர் பெற்றது.

நம் பக்கத்தில் இக்கலை உச்சத்தைத் தொட்டது ஸ்ரீரங்கப்பட்டணத்தில். திப்பு சுல்தானின் பட்டறைகளில் உருவான துப்பாக்கிகளைக் கண்டவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். புலிவரிகள், புலித்தலை வடிவங்கள், பொன்னும் வெள்ளியும் இழைத்த வேலைப்பாடு. பிரான்சிலிருந்து வந்த கைவினைஞர்களின் நுட்பமும் அங்கே கலந்தது. ஆனாலும் குழலில் பொறித்த எழுத்துக்கள் பாரசீகத்தில்தான் இருந்தன. ‘பட்டன்’ என்ற தலைநகரின் பெயர், செய்தவரின் பெயர், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பிறப்போடு இணைத்து திப்பு வகுத்த மௌலூதி ஆண்டு ஆகியவற்றை அவற்றில் காணலாம். 1799 மே 4-ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. துப்பாக்கிகள் கொள்ளைப் பொருள்களாகக் கடல் கடந்தன. அவற்றுள் ஒன்று 2019-ல்கூட இங்கிலாந்தில் ஏலத்துக்கு வந்தது. செய்தவர் கை மண்ணோடு மண்ணாயிற்று. பெயர் மட்டும் ஏலப்பட்டியலில் வாழ்கிறது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். மரக்காணத்துக்கு வடக்கே கடப்பாக்கத்தை அடுத்து ஆலம்பறைக் கோட்டையின் இடிந்த சுவர்கள் இன்றும் கழிமுகத்தைப் பார்த்தபடி நிற்கின்றன. 1750-ல் முஸபர் ஜங் அதனைப் பிரெஞ்சுக்காரரான டூப்ளேக்குக் கொடுத்தார். 1760-ல் ஆங்கிலேயர் கைப்பற்றி இடித்தார்கள். நவாபுகளும் இரு ஐரோப்பியக் கம்பெனிகளும் இழுத்துப் பறித்துக்கொண்ட இக்கரையில் துப்பாக்கி புதுமைப் பொருளே அல்ல. அப்படியிருந்தும் அதனைச் செய்யும் தொழில் ஏன் வேர்விடவில்லை?

1878-ஆம் ஆண்டு லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டத்தையே எல்லாரும் காரணமாகக் காட்டுவர். தமிழகத்தைப் பொறுத்தவரை கதவு அதற்கு 77 ஆண்டுகள் முன்பே அடைக்கப்பட்டுவிட்டது. பாளையக்காரர் போர் முடிந்ததும், 1801 டிசம்பர் 1-ஆம் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். தென்பாளையங்களில் கோட்டைகள் தரைமட்டமாயின. மக்கள் ஆயுதம் வைத்திருப்பது விலக்கப்பட்டது. வாங்குவோர் இல்லாத பொருளை எந்தக் கொல்லன் செய்வான்? அவன் கலப்பைக் கொழுவுக்கும் வண்டிப்பட்டைக்கும் திரும்பினான். 1878-ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியதையும் முடித்துவைத்தது. ஐரோப்பியருக்கு விலக்கு, நாட்டாருக்கு உரிமம் என்று அது வகுத்த பாகுபாட்டை நம் முன்னோர் எளிதில் மறக்கவில்லை. நரிக்குறவர் போன்றோர் கையில் வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி மட்டும் தங்கியது. ஆயினேயில் பேசப்படும் தொழிலின் கடைசி வாரிசு அதுதான் என்று சொன்னால் சிலர் சிரிக்கக்கூடும். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

இதற்கிடையே மேல்நாட்டில் துப்பாக்கி உருமாறிவிட்டது. பிரஷ்யா 1841-ல் ஏற்றுக்கொண்ட டிரைசே துப்பாக்கியில் வாய்வழிக் கெட்டிப்பு ஒழிந்தது. நம் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளைப் போன்ற ஓர் உருளை பின்புறத்தைத் திறந்து மூடியது. கைப்பிடியைத் தூக்கிப் பின்னுக்கு இழுத்தால் வாய் திறக்கும்; முன்னுக்குத் தள்ளித் தாழ்த்தினால் தோட்டா சிறைப்படும். 1898-ல் ஜெர்மானியரான மௌசரின் அமைப்பு இதனை முழுமையாக்கியது எனலாம். தாழ்ப்பாளை உருவி எடுத்துவிட்டால் குழலைப் பின்புறத்திலிருந்தே நேராகத் துடைக்கலாம். உப்புக் காற்றில் இது எத்தனை பெரிய வசதி!

இந்தத் தாழ்ப்பாள் துப்பாக்கியைத்தான் லண்டன் கைவினைஞர்கள் இரண்டாகப் பிரியும்படி செய்தார்கள். ரயிலிலும் மாட்டுவண்டியிலும் யானைமேலும் செல்லும் வேட்டைக்காரருக்கு நீண்ட குழல் தொல்லை. ஆதலால் குழலின் அடியில் மரையை இடைவிட்டு வெட்டி, சிறு திருப்பில் கழலுமாறு அமைத்தார்கள். கேட்பதற்கு எளிது, செய்வது கடினம். தாழ்ப்பாளின் முகத்துக்கும் குழலில் அமரும் தோட்டாவுக்கும் உள்ள இடைவெளி ஒவ்வொரு முறையும் இம்மியும் மாறாமல் நிற்க வேண்டும். மாறினால் குறி தவறும், ஆபத்தும் நேரும். கட்டைக்கு அக்ரூட் மரம். தோளிலிருந்து விரல்வரை நீளம், கன்னம் படியும் உயரம் எல்லாம் ஆளுக்கேற்ப அளக்கப்பட்டன. நம் ராஜாக்களும் நவாபுகளும் அங்கே ஆர்டர் கொடுத்தார்கள். அக்பரின் பட்டறையில் தொழிலாளியின் பெயர் இருந்த இடத்தில் இப்போது கம்பெனியின் பெயர் வந்தது என்பதே வேற்றுமை.

பிரிட்டிஷ் படையின் .303 தோட்டா பொதுமக்கள் கைக்குச் செல்லக் கூடாதென்று இந்தியாவில் தடை வந்தபோது, ஆஸ்திரியத் தோட்டா ஒன்று .315 என்ற பெயரில் இங்கே பரவியது. 1904-ல் தொடங்கப்பெற்ற வங்காளத்து இஷாப்பூர்த் தொழிற்சாலை பிற்காலத்தில் அந்த அளவில் வேட்டைத் துப்பாக்கிகளைச் செய்தது. நல்ல உறுதியான கருவி. அதில் பெயர் இல்லை, எண் உண்டு.

இனிக் களிமண் உருண்டைக்கு வருகிறேன். முஸ்லிம் வேட்டைக்காரர் துப்பாக்கியோடு கத்தியும் கொண்டு செல்வதேன் என்று பிற மதத்து நண்பர்கள் கேட்பதுண்டு. அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வேட்டையின் சட்டத்தை விளக்கினார்கள். முனையால் துளைத்ததை உண்ணலாம். அகலப் பக்கத்தால் அடிபட்டுச் செத்தது கூடாது. களிமண் உருண்டை இந்த இரண்டாவது வகையில் சேர்ந்தது. ஈயக்குண்டு வந்தபோது அறிஞர்கள் பிரிந்தார்கள். முனையில்லாத குண்டு வேகத்தாலும் சூட்டாலும் கொல்கிறது, ஆகவே ஆகாது என்றார் டமாஸ்கஸ் நகரத்து ஹனபி அறிஞர் இப்னு ஆபிதீன். அது துளைத்துச் செல்கிறது, ஆகவே ஆகும் என்றார் அவர் காலத்திலேயே யமனில் வாழ்ந்த இமாம் ஷவ்கானி. 1905-ல் ஜெர்மானியப் படை கூர்முனைத் தோட்டாவை ஏற்றபின், ஷவ்கானியின் வாதத்துக்கு வலிமை கூடியது என்பது என் கருத்து. ஷாபிஈ மத்ஹபைத் தழுவிய நம் கடற்கரைப் பெரியவர்கள் பேணுதலான வழியையே கைக்கொண்டார்கள். உயிர் பிரியுமுன் ஓடிச்சென்று பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்தால்தான் அடுப்புக்குப் போகும்.

அதே நபிமொழியில் இன்னொன்றும் உண்டு. அடிபட்ட பிராணி நீரில் விழுந்து செத்துக் கிடந்தால் உண்ணாதே; கொன்றது அம்பா நீரா என்பதை நீ அறியாய். மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி ஏரியை நேரில் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர்ப் பரப்பு அது. ரவை பட்ட வாத்து விழுவதெல்லாம் நீரில்தான்.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைச் சுருக்கியது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் வேட்டை உரிமங்களையே ஒழித்தது. 2021-ல் கழுவெளி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. எனக்கு இதில் வருத்தம் இல்லை. கள்ளத்தனமாகச் சுடப்பட்ட பறவைகளைப் பற்றி அவ்வூரார் சொல்லக் கேட்டவர்கள் யாரும் வருந்தமாட்டார்கள்.

வருத்தம் வேறொன்றில். உரிமம் பெற்றவர் மறைந்தபின், வாரிசுகள் அத்துப்பாக்கியைத் தம் பெயருக்கு மாற்றவோ காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்கவோ வேண்டும் என்பது சட்டம். பாட்டனாரின் பழைய துப்பாக்கிகள் இப்படி வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கின்றன. போகட்டும். ஆனால் கொடுக்குமுன், உரிமதாரர் அல்லது வியாபாரி முன்னிலையில் குழலில் உள்ள எழுத்துக்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பாரசீகத்திலோ ஆங்கிலத்திலோ, பெயரோ எண்ணோ, இருப்பது எதுவாயினும் சரி. துரு ஏறிய இடங்களில் எண்ணெய்த் துணியால் மெல்லத் துடைத்தால் போதும். மணல்தாள் வைத்துத் தேய்த்துவிடாதீர்கள், எழுத்தும் போய்விடும்.