நிகழ்நேர வியூக விளையாட்டுகளில் பழைய வடிவமைப்பு

நிகழ்நேர வியூக விளையாட்டு என்பது, சதுரங்கத்தைப் போல ஒருவர் காய் நகர்த்தும்வரை மற்றவர் காத்திராமல், ஆடுவோர் எல்லோரும் ஒரே வேளையில் வளம் திரட்டி, ஊர் எழுப்பி, படை பெருக்கி, ஒருவரையொருவர் தாக்கும் கணினி விளையாட்டு வகையாகும். எதிரியின் மேற்குக் கோட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நொடியில் கிழக்கே தன் வயல் தரிசாகிவிடக்கூடும் என்பதால், ஆடுபவரின் கவனம் எங்கே செலவாகிறது என்பதைப் பொறுத்தே இதில் வெற்றியும் தோல்வியும் அமைகின்றன. அந்தக் கவனத்தைச் சிந்தனைக்குரிய செயல்களில் செலுத்த விடாமல், மவுஸை ஓயாது அழுத்தும் வெறும் உழைப்பில் கரைத்துவிடும் வடிவமைப்பின் மீது ஆட்டக்காரர்களுக்குள்ள சலிப்பு, இவ்வகை விளையாட்டின் வரலாறு முழுவதும் தொடர்ந்து வருகிறது.

பழைய வடிவமைப்பு என்று குறை கூறப்படுவதில் இரண்டு பொருள்கள் கலந்துள்ளன. ஒன்று கை சார்ந்தது: படையைத் தேர்ந்தெடுத்தல், ஆணையிடுதல், வழி காணுதல் ஆகியவற்றில் உள்ள தடைகள். மற்றது அறிவு சார்ந்தது: விளையாட்டு காட்டும் நாடுகளையும் மக்களையும் பற்றி அதை ஆக்கியோர் அன்று கொண்டிருந்த குறுகிய பார்வை, நிரலுக்குள் உறைந்து, பல ஆண்டுகள் மாறாமல் நின்றுவிடுவது. முதலாவதைப் பற்றியே மிகுதியாகப் பேசப்பட்டுள்ளது என்றாலும், தென்னிந்திய ஆட்டக்காரரை நெருங்கித் தொடுவது இரண்டாவதே.

தொடக்கமும் தேர்வு வரம்பும்

1989இல் ஜப்பானின் டெக்னோசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட ஹெர்சாக் ஸ்வை இவ்வகையின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. ஆயினும் வளம் சேர்த்தல், கட்டடம் எழுப்புதல், படை திரட்டுதல் என்ற இன்றைய சட்டகத்தை நிலைநிறுத்தியது, 1992இல் அமெரிக்காவின் வெஸ்ட்வுட் நிறுவனம் ஆக்கிய டூன் 2 ஆகும். அதில் ஒரு வேளையில் ஒரே ஒரு வண்டியைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அதன் பிறகு ‘நகர்’ என்ற பொத்தானை அழுத்தி, அதற்கும் பிறகு இடத்தைச் சுட்ட வேண்டும் என்பதால், இருபது வண்டிகளைப் பாலைவனத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு அனுப்புவதற்கு இருபது முறை அதே வேலையைச் செய்ய நேர்ந்தது.

1994இல் பிளிஸார்ட் நிறுவனத்தின் வார்கிராஃப்ட், மவுஸால் ஒரு கட்டம் வரைந்து அதற்குள் அகப்படும் வீரர்களைச் சேர்த்துத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஆனால் ஒரு வேளையில் நால்வர் மட்டுமே என்று வரம்பிட்டது. இந்த வரம்பை அன்றைய கணினிகளின் பலவீனத்தால் வந்தது என்று பலரும் எண்ணுவதுண்டு. அதன் நிரலாளர்களில் ஒருவரான பேட்ரிக் வயட் பிற்காலத்தில் எழுதியுள்ளபடி, வரம்பில்லாத் தேர்வு முதலில் இயங்கிக்கொண்டுதான் இருந்தது; ஆடுபவர் பெருங்கூட்டத்தைக் கண்மூடித்தனமாக ஏவாமல் ஒவ்வொரு வீரனையும் கவனித்து நடத்த வேண்டும் என்ற வடிவமைப்புக் கருத்தினால்தான் அது பின்னர் குறைக்கப்பட்டது. அடுத்து வந்த வார்கிராஃப்ட் 2 (1995) ஒன்பது பேரையும், ஸ்டார்கிராஃப்ட் (1998) பன்னிருவரையும் அனுமதித்தன. இதற்கிடையே 1995இல் வந்த கமாண்ட் அண்ட் கான்கர், முழுப் படையையும் ஒரே கட்டத்தில் அள்ளிக்கொள்ள இடம் தந்திருந்தது. ஆகவே பழமை என்று இன்று தோன்றும் பல தடைகள், ஆக்கியோர் வேண்டுமென்றே எடுத்த முடிவுகள் என்பதை இவ்வகையின் வரலாற்றை எழுதுவோர் மறந்துவிடக் கூடாது.

வழிதேடலும் வயலும்

வழிதேடல் என்பது, ஓர் இடத்தைச் சுட்டியதும் மரம், மதில், ஆறு, உடன் வரும் வீரர் ஆகிய தடைகளைத் தவிர்த்து அங்கே செல்லும் பாதையைக் கணினியே கணித்துக்கொள்ளும் செயல்முறையாகும். நூறு பேர் ஒரே வாயிலை நோக்கி நடக்கும்போது ஒருவரின் நகர்வு மற்றவரின் பாதையை மாற்றிவிடுவதால், இக்கணிப்பு மிகக் கடினமானது. ஸ்டார்கிராஃப்டில் சாய்கோணப் படங்கள், சதுரக் கட்டங்களுக்காக எழுதப்பட்ட பழைய நிரலின் மேல் ஒட்டப்பட்டிருந்தன. கனிமம் சுமக்கும் தொழிலாளர்கள் ஒருவர் மீது ஒருவர் முட்டி நின்றுவிட்டதால், சுரங்கத்துக்குச் சென்று திரும்பும்போது மட்டும் அவர்கள் ஒருவரையொருவர் ஊடுருவிச் செல்லலாம் என்று விதிவிலக்கு அளித்தே அந்தச் சிக்கல் தீர்க்கப்பட்டது.

இந்தியாவில் பரவலாக ஆடப்பட்ட ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் (1997), டெக்சாஸ் மாநிலத்தின் என்செம்பிள் ஸ்டூடியோஸ் ஆக்கி, மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விளையாட்டாகும். பென்டியம் 90 செயலியும் 16 எம்.பி. நினைவகமும் கொண்ட கணினியில், நொடிக்கு 28.8 கிலோபிட் வேகமுள்ள மோடத்தின் வழியே எட்டுப் பேர் ஆட வேண்டும் என்பது அதன் இலக்கு. வீரர்கள் ஒவ்வொருவரும் நிற்கும் இடத்தை அவ்வளவு மெல்லிய கம்பியில் அனுப்ப இயலாது என்பதால், ஆடுவோர் இடும் ஆணைகளை மட்டும் அனுப்பி, எல்லாக் கணினிகளும் ஒரே போரைத் தத்தமக்குள் ஒரே மாதிரியாக நடத்திக்கொள்ளும் முறை கையாளப்பட்டது. நுட்பத்தில் அழகிய தீர்வான இது இன்றுவரை பின்பற்றப்படுகிறது. ஆனால் ஆடுபவர் கண்ட குறைகள் வேறு. ஒரு தரப்புக்கு 50 பேர் என்பதே வழக்கமான வரம்பு. ஒரு வீரனுக்கு ஆணையிட்டு, அவன் உருவான பிறகே அடுத்தவனுக்கு ஆணையிட முடியும். பயிற்சிக்கு வீரர்களை முன்கூட்டியே வரிசையில் நிறுத்தும் வசதி, 1998இல் வந்த ரைஸ் ஆஃப் ரோம் என்ற விரிவாக்கத்தில்தான் சேர்ந்தது.

1999 செப்டம்பரில் வந்த இரண்டாம் பாகத்தின் வயலை எடுத்துக்கொண்டால் இந்தச் சலிப்பின் இயல்பு தெளிவாகும். 60 மரம் செலவிட்டுப் போடும் வயல் 175 உணவு தந்ததும் காய்ந்துவிடும். உழவர் அங்கேயே சும்மா நிற்பார். முப்பது வயல் வைத்திருப்பவர் போர்க்களத்தை விட்டு வயலுக்கு ஓடி ஓடி மறுபடி விதைக்க வேண்டியிருந்தது. 2000ஆம் ஆண்டின் கான்கரர்ஸ் விரிவாக்கம், மாவாலையில் முன்பணம் போலக் கட்டி வைத்தால் வயல் புதுப்பிக்கப்படும் வசதியைத் தந்தது. பணம் கட்டக்கூட நினைவு வேண்டாத தானியங்கி விதைப்பு 2019 நவம்பரில் வெளியான செம்பதிப்பில்தான் வந்தது. ஒரு சிறு எரிச்சல் முழுமையாக நீங்குவதற்கு இருபது ஆண்டுகள் ஆயின.

இந்தியா என்ற ஒற்றைத் தரப்பு

இரண்டாம் பாகம் 13 நாகரிகங்களுடன் வந்தது. இவ்விளையாட்டில் ‘நாகரிகம்’ என்பது தனக்கே உரிய வீரர்களும் சலுகைகளும் குறைகளும் கொண்ட ஓர் ஆட்டத் தரப்பைக் குறிக்கும். பிரிட்டன், ஃபிராங்கியர், ஜெர்மானியர், கெல்ட்டியர், வைக்கிங் என ஐரோப்பா நுணுக்கமாகப் பிரிக்கப்பட்டிருந்தபோது, இந்தியத் துணைக்கண்டத்துக்கு ஒரு தரப்பும் இல்லை. போர் யானை இருந்தது. அது பாரசீகருக்கு உரியதாக இருந்தது. ஆயிரம் ஆண்டு இடைக்காலத்தைக் காட்ட முனைந்த ஒரு படைப்பில் சோழரும் காகதீயரும் விஜயநகரமும் அறவே இல்லாமற்போனதை, மோடம் வேகத்தையோ நினைவகத்தையோ காரணம் காட்டி விளக்க இயலாது.

2007இல் மூன்றாம் பாகத்துக்கு வந்த ஏஷியன் டைனஸ்டீஸ் விரிவாக்கத்தில் இந்தியர் முதன்முறையாக ஒரு தரப்பாயினர். அத்தரப்பு காலத்தில் முன்னேற எழுப்பக்கூடிய ஐந்து அதிசயங்கள் ஆக்ரா கோட்டை, தாஜ் மகால், சித்தோர்கரின் வெற்றித் தூண், கர்ணி மாதா கோயில், ஐதராபாத்தின் சார்மினார் ஆகியவை. தமிழகக் கட்டடம் ஒன்றுகூட இல்லை. 1591இல் முகமது குலி குதுப் ஷா கட்டிய சார்மினார், இவ்விளையாட்டில் மன்சப்தார் என்னும் படைத் தலைவர்களைப் பயிற்றுவிக்கும் கட்டடமாகிறது. மன்சப்தார் என்பது முகலாய அரசின் பதவி. அந்த முகலாயரே 1687இல் எட்டு மாத முற்றுகைக்குப் பின் கோல்கொண்டாவை வீழ்த்திக் குதுப் ஷாஹி ஆட்சியை முடித்தவர்கள். வென்றவரின் பதவியைத் தோற்றவரின் நினைவுச்சின்னத்தில் பயிற்றுவிப்பது, எல்லா இந்திய அரசுகளையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கியதன் விளைவாகும்.

இரண்டாம் பாகத்தில் இக்குறையைத் தீர்க்க முதலில் முன்வந்தவர்கள் ஆட்டக்காரர்களே. என்செம்பிள் 2009இல் மூடப்பட்ட பின்னர், ஆர்வலர்கள் கூடி 2012இல் ஃபர்காட்டன் எம்பயர்ஸ் என்ற இலவச விரிவாக்கத்தை வெளியிட்டனர்; அதன் ஐந்து புதிய தரப்புகளில் இந்தியரும் ஒன்று. 2013இல் மைக்ரோசாஃப்ட் இதையே அதிகாரபூர்வ விரிவாக்கமாக்கியது. எனினும் வடநாட்டுப் பிருதிவிராஜனும் சோழ மன்னன் ராஜேந்திரனும் ஒரே ஒட்டகப் படையை நடத்தும் நிலை மேலும் ஒன்பது ஆண்டுகள் நீடித்தது.

2022 ஏப்ரல் 28 அன்று வெளியான டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா, பழைய இந்தியரை ‘இந்துஸ்தானியர்’ எனத் திருத்தி, வங்காளியர், கூர்ஜரர், திராவிடர் என்ற மூன்று தரப்புகளைப் புதிதாகச் சேர்த்தது. திராவிடத் தரப்பின் வீரர்கள் தமிழில் மறுமொழி சொல்கிறார்கள். 1025இல் ஸ்ரீவிஜயத்தின் மீது கடற்படை செலுத்திய முதலாம் ராஜேந்திரனின் வரலாறு தனிப் படையெடுப்புத் தொடராக அமைந்தது. இத்தரப்பின் வடிவமைப்பில் நல்ல சிந்தனை தெரிகிறது. குதிரைப்படை மெலிந்தது, காலாட்படையும் கப்பலும் வலியவை. அரபு நாடுகளிலிருந்து கப்பலில் குதிரை வாங்கிய பாண்டிய நாட்டின் பொருளியலை அறிந்தவர்களுக்கு இது பொருத்தமாகவே படும். சிறப்புப் படைவீரன் ஏந்தும் உருமி என்னும் சுருள்வாள் கேரளக் களரிக்கு நெருக்கமானது என்பதால், அதைச் சோழப் படையின் அடையாளமாக்கியது அவ்வளவு பொருத்தமில்லை. மாறாக, எதிரியின் கவசத்தைப் பொருட்படுத்தாமல் வெட்டும் ஆற்றலைத் தரும் ‘வூட்ஸ் எஃகு’ என்ற நுட்பம் சிறந்த தேர்வு. அச்சொல் உருக்கு, உக்கு என்ற திராவிடச் சொற்களிலிருந்து பிறந்ததாகக் கருதப்படுகிறது. கொங்கு நாட்டின் கொடுமணலும் தெலங்கானாவின் கோனசமுத்திரமும் அவ்வுருக்குத் தொழிலுக்குப் பெயர்பெற்றவை.

கொண்டாப்பூரும் ஐதராபாத்தும்

ஐதராபாத்தின் மேற்கில், ஹைடெக் சிட்டிக்கும் கச்சிபவுலிக்கும் அருகே உள்ள கொண்டாப்பூர், இவ்விளையாட்டு வகையின் உச்ச காலத்திலேயே உருமாறத் தொடங்கிய பகுதியாகும். சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டதும், மைக்ரோசாஃப்ட் தன் இந்திய மேம்பாட்டு மையத்தை ஐதராபாத்தில் தொடங்கியதும், ஸ்டார்கிராஃப்ட் வெளியானதும் ஒரே ஆண்டில், அதாவது 1998இல் நிகழ்ந்தவை. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸை வெளியிடும் அந்நிறுவனத்தின் வளாகம் கச்சிபவுலியில் இருக்கிறது. கமாண்ட் அண்ட் கான்கரின் உரிமையாளரான எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸுக்கும் ஐதராபாத்தில் கிளை உண்டு. கல்லூரி விடுதிகளிலும் பிரவுசிங் சென்டர்களிலும் கணினிகளைக் கம்பியால் இணைத்து இவற்றை ஆடிப் பழகிய தலைமுறையே, தமிழகத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வந்து கொண்டாப்பூரின் பி.ஜி. விடுதிகளிலும் அடுக்ககங்களிலும் குடியேறியது.

இப்பகுதியிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத கோல்கொண்டா, காகதீயர் காலத்துக் கோட்டையாகத் தொடங்கி, பாமனி சுல்தான்களிடமும் பின் குதுப் ஷாஹிகளிடமும் வளர்ந்தது. 2022ஆம் ஆண்டின் பகுப்பில் இதற்குச் சரியான இடம் இல்லை. காகதீயரைத் திராவிடருள் அடக்கினால் தெலுங்கு வீரர் தமிழ் பேசுவார். தக்காண சுல்தான்களை இந்துஸ்தானியருள் அடக்கினால் தில்லியை எதிர்த்துப் பிரிந்து நின்றவர்கள் தில்லியின் படையாகிவிடுவார்கள். திருத்தம் பெருமளவு நல்லது என்றாலும், அது பாதி வழியில் நிற்கிறது.

மறுபதிப்புகளும் பூசலும்

2017இல் ஸ்டார்கிராஃப்டின் மறுபதிப்பு படங்களைப் புதுப்பித்து, பன்னிருவர் வரம்பையும் பழைய வழிதேடலையும் கைவைக்காமல் விட்டது. கொரியாவில் தொழில்முறைப் போட்டிகளாக வளர்ந்த ஆட்டத்தில் அத்தடைகளை வெல்லும் விரல் வேகமே திறமையின் பகுதியாகிவிட்டதால் அது நியாயமான முடிவு. 2018இல் வந்த முதல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸின் செம்பதிப்புக்கு அத்தகைய காரணம் இல்லை. புதிய ஓவியத்துக்குள் வீரர்கள் பழையபடி முட்டி நின்றது பரவலான குறைகூறலுக்கு உள்ளானது. 2023 மே மாதம் ரிட்டர்ன் ஆஃப் ரோம் என்ற விரிவாக்கத்தின் வழியாக அந்த முதல் பாகத்தின் நாகரிகங்கள் இரண்டாம் பாகத்தின் இயங்குபொறிக்குள்ளேயே கொண்டுவரப்பட்டன. எந்தப் பழமை ஆட்டத்தின் உயிராகிவிட்டது, எது வெறும் சுமை என்பதை ஒவ்வொரு விளையாட்டிலும் தனியே ஆராய வேண்டும். வயலை மறுபடி விதைப்பதில் வியூகம் எதுவும் இருந்ததில்லை.

எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2020இல் கமாண்ட் அண்ட் கான்கர் மறுபதிப்புக்கும், 2025இல் அத்தொடரின் ஜெனரல்ஸ் உள்ளிட்ட விளையாட்டுகளுக்கும் மூல நிரலைப் பொது உரிமத்தில் வெளியிட்டதால், குறைகளை ஆட்டக்காரரே திருத்தும் வாய்ப்பு திறந்துள்ளது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸும் தொடக்கம் முதலே களம் அமைக்கும் கருவியைத் தன்னுடன் தந்து வருகிறது. இந்தியர் என்ற தரப்பே ஆர்வலர் சிலரின் ஓய்வுநேர உழைப்பால் அவ்விளையாட்டின் இரண்டாம் பாகத்துக்குள் வந்தது என்பதால், நிரலையும் கோல்கொண்டாவின் கற்களையும் ஒருங்கே அறிந்த கொண்டாப்பூர் இளைஞர்கள், காகதீயருக்கும் குதுப் ஷாஹிகளுக்கும் உரிய தரப்பைத் தெலுங்கிலும் தக்கனி உருதுவிலும் ஆக்கித் தர முன்வர வேண்டும்.