குப்பாயத்தின் அளவு

1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா ஓர் அரச விளம்பரம் வெளியிட்டார். நாடார் பெண்கள் மார்பை எப்படி மூடலாம் என்பதை அது வகை பிரித்துச் சொன்னது. கிறிஸ்தவ நாடார் பெண்களைப் போலக் குப்பாயம் என்ற தைத்த சட்டை போட்டுக்கொள்ளலாம். மீனவரான முக்குவர் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம். வேறு எந்த விதமாகவும் மூடலாம். உயர்சாதிப் பெண்கள் உடுத்துவதைப் போல மட்டும் உடுத்தக் கூடாது. துணி நயமானதா முரடானதா என்பது வரைக்கும் ஓர் அரசு இறங்கிவந்து ஆணையிட்டதற்குப் பின்னால் பல பத்தாண்டுகளின் அடிதடி இருந்தது. அந்தக் கதை தொடங்கும் இடங்களில் முதன்மையானது மயிலாடி.

கன்னியாகுமரி மாவட்டத்தில் மருந்துவாழ்மலைக்குப் பக்கத்தில் இருக்கும் மயிலாடியை இன்று வெளியூர்க்காரர்கள் கற்சிற்பத்துக்காகத்தான் தேடி வருகிறார்கள். தெருவோரக் கூடங்களில் உளிச்சத்தம் ஓயாத ஊர் அது. பெருமாளுக்கு இருபுறமும் நிற்கும் தேவியரில் ஸ்ரீதேவிக்கு மார்க்கச்சு உண்டு, பூதேவிக்கு இல்லை என்பது தென்னாட்டுச் சிற்ப மரபு. இருவரும் ஒரே பூசையை ஏற்கும் தெய்வங்கள். கச்சு கட்டியவள் உயர்ந்தவள், கட்டாதவள் தாழ்ந்தவள் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. திருவிதாங்கூரின் சாதி ஒழுங்கு இதற்கு நேர்மாறானது. மேலே இருப்பவர் முன்னால் கீழே இருப்பவர் மார்பைத் திறந்து நிற்பதுதான் மரியாதை என்றது. நாயர் பெண்களும் கோயிலிலும் நம்பூதிரிகள் முன்பும் மேல்துணியை விலக்க வேண்டியிருந்தது. அந்த ஏணியின் அடியில் இருந்த பெண்களுக்கோ விலக்குவதற்கு மேல்துணியே கிடையாது.

மயிலாடியில் சாம்பவர் குடும்பத்தில் பிறந்த மகராசன், சிதம்பரத்துக்கு யாத்திரை போய்த் திரும்பும் வழியில் தஞ்சாவூரில் கிறிஸ்தவம் கேட்டு, வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊருக்கு வந்தார். தன் மக்களுக்கு ஒரு போதகர் வேண்டும் என்று அவர் விடாமல் கேட்டதன் பேரில் தரங்கம்பாடியிலிருந்து புறப்பட்ட ஜெர்மானியர் ரிங்கல்தௌபே, 1806 ஏப்ரலில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருவிதாங்கூருக்குள் நுழைந்தார். 1809-இல் மயிலாடியில் தேவாலயம் எழுந்தது. தென் திருவிதாங்கூரில் சீர்திருத்தக் கிறிஸ்தவத்தின் முதல் ஆலயம் அதுதான். இந்த வரலாற்றை வெள்ளைக்காரப் போதகரின் கதையாக மட்டும் சொல்வது சரியல்ல. அழைப்பு மயிலாடியிலிருந்து போனது.

ஆலயத்துக்கு வரும் பெண் என்ன உடுத்துவாள் என்ற கேள்வி உடனே எழுந்தது. பிரிட்டிஷ் ரெசிடென்டாகவும் சமஸ்தானத்தின் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ 1814-இல் பிறப்பித்த உத்தரவு, கிறிஸ்தவம் தழுவிய பெண்கள் சிரியன் கிறிஸ்தவப் பெண்களையும் மாப்பிள்ளைப் பெண்களையும் போலக் குப்பாயம் அணிய இடம் கொடுத்தது. தோளில் துணி போட இடம் கொடுக்கவில்லை. தோள்சீலை உயர்சாதியின் அடையாளம். தைத்த சட்டை சரி, தைக்காத சீலை தவறு என்பது அரசின் நிலை.

மிஷனரிகளின் மனைவிமார் வெட்டிக்கொடுத்த குப்பாயம் தொளதொளவென்று இருந்தது. கை குட்டை. இடுப்பில் பிடிப்பு இல்லை. நேர்வெட்டாக வெட்டிப் பக்கங்களைச் சேர்த்துத் தைத்தால் முடிந்தது. அதைத் தைத்துக் கொடுத்த பெண்கள் திமிங்கில எலும்பும் எஃகுப் பட்டையும் வைத்து இறுக்கிய கார்செட் போட்டு வளர்ந்த நாட்டிலிருந்து வந்தவர்கள். மாதிரி மட்டும் இந்த மண்ணின் புழுக்கத்துக்கு ஏற்றதாக அமைந்தது. பனையேறும் நாடாரின் மனைவிக்கு விடிலி என்ற ஓலைக் குடிசையில் பதனீர் காய்ச்சும் வேலை. கருப்புக்கட்டிப் பதம் வரும்வரை அடுப்படியை விட்டு நகர முடியாது. உடம்பில் ஒட்டாத, வியர்வையை உறிஞ்சும், கையைத் தூக்கித் துழாவ விடும் பருத்திச் சட்டை அந்த வேலைக்குப் பொருந்தும். ஆனால் வசதியாக இருக்கிறதா என்று எந்த உத்தரவும் கேட்கவில்லை. குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது, பொன் நகை கூடாது என்று கீழ்ச்சாதியாருக்கு விதித்த பட்டியலில் உடையும் ஒன்று.

அடுத்த போதகர் சார்லஸ் மீட் வந்தபின் 1818-இல் மிஷனின் தலைமையிடம் மயிலாடியிலிருந்து நாகர்கோவிலுக்கு மாறியது. அங்கே இன்னொரு போதகரின் மனைவி மார்த்தா மால்ட் தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளியில் தையலும் லேஸ் பின்னலும் நுழைந்தன. மெத்தை மேல் ஓட்டை போட்ட காகித மாதிரியை விரித்து, ஓட்டைதோறும் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய மரப் பாபின்களை ஜோடி ஜோடியாகக் குறுக்கே மாற்றி முறுக்கிப் பின்னுவார்கள். ஒரு பாபின் வரிசை தப்பினால் பூ கலைந்துவிடும், ஊசியைப் பிடுங்கிப் பிரித்து வர வேண்டும். அடிமைக் குடும்பங்களில் பிறந்த பெண்கள் அந்தப் பள்ளியில் இருந்தார்கள். லேஸ் விற்ற காசைக் கொடுத்துத் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கியவர்கள் அவர்களில் உண்டு. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855-இல்; அதற்கு முன்பே பாபின் பிடித்த விரல்கள் தங்கள் விலையைத் தாங்களே அடைத்தன. மால்ட் தம்பதியின் மகள் எலைசா, ராபர்ட் கால்டுவெல்லை 1844-இல் மணந்து இடையன்குடிக்குப் போனபோது இந்தக் கைத்தொழிலும் கூடவே போனது.

தையல் தெரிந்த பெண்கள் குப்பாயத்தோடு நிற்கவில்லை. அதன் மேல் தோள்சீலையும் போட்டார்கள். 1822-இல் கல்குளம் பகுதியில் கலவரம் வெடித்தது. சந்தையிலும் வழியிலும் உயர்சாதியார் பெண்களின் சட்டைகளைக் கிழித்தார்கள். மறுபடியும் 1820-களின் இறுதியில் கலவரம் பரவ, 1829 பிப்ரவரி 3 அன்று வந்த அரச விளம்பரம் குப்பாயத்தை அனுமதித்துத் தோள்சீலையைத் தடை செய்தது. அதற்கும் பெண்கள் அடங்கவில்லை. மதம் மாறாத நாடார் பெண்களும் மேலாடை போடத் தொடங்கினார்கள். மயிலாடிக்குத் தெற்கே சில கல் தொலைவில் உள்ள சாமித்தோப்பில் சமயச் சீர்திருத்தவாதி அய்யா வைகுண்டர் (1809–1851) ஆண்களைத் தலைப்பாகை கட்டி வரச் சொன்னதும் இந்தக் காலத்தில்தான். 1858 டிசம்பரிலும் 1859 ஜனவரியிலும் மூன்றாவது முறை கலவரம் மூண்டது, ஜெபாலயங்களும் பள்ளிகளும் எரிந்தன. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் கொடுத்த நெருக்கடியின் பேரில் வந்ததுதான் ஜூலை 26 ஆணை. அந்த ஆணையிலும் ‘உயர்சாதிப் பெண்களைப் போல அல்ல’ என்ற கொக்கியைச் சமஸ்தானம் விடவில்லை.

இந்தப் போராட்டத்தைப் பேசும்போது முலைவரியை இழுத்து, மார்பை மூடுவதற்காக விதித்த வரி என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆணுக்குத் தலைக்கரம், பெண்ணுக்கு முலைக்கரம் என்று கீழ்ச்சாதியார் மீது ஆள் கணக்கில் போட்ட வரி அது. சட்டைக்கும் அதற்கும் நேர்த் தொடர்பு இல்லை. கொடுமை போதுமான அளவு இருக்கிறது. கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

மனதை உறுத்துவது வேறொன்று. 1859 ஆணை நாடார் பெண்களைப் பற்றியது. மயிலாடியில் முதல் வாசலைத் திறந்த வேதமாணிக்கத்தின் இனப் பெண்களை அது பேரிட்டுச் சொல்லவில்லை. கொல்லம் பகுதியில் புலயர் பெண்கள் தங்கள் தலைவர் அய்யங்காளியின் சொல்லை ஏற்று, சாதி அடையாளமாகக் கழுத்தில் கிடந்த கல்மாலையை அறுத்தெறிந்து ரவிக்கை போட்டது 1915-இல். இடையில் ஐம்பத்தாறு ஆண்டுகள். 2016-இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் ஒன்பதாம் வகுப்பு வரலாற்றில் இந்தப் போராட்டம் பற்றிய பகுதியைத் தேர்வுக்கு வேண்டாம் என்று நீக்கியது. 2023 மார்ச் 6 அன்று தமிழக, கேரள முதல்வர்கள் இருவரும் நாகர்கோவிலில் ஒரே மேடையில் நின்று போராட்டத்தின் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினார்கள்.

குப்பாயத்தில் இல்லாத ஒன்று உடம்பின் அளவு. மூடினால் போதும் என்று தைத்த சட்டை அது. மார்பின் பாரத்தை எது தாங்கும் என்ற யோசனை அதில் இல்லை. அந்த யோசனை நடந்தது வேறு கண்டத்தில். 1893-இல் அமெரிக்காவில் மேரி டூசெக் மார்பகத்தின் அடியில் விறைப்பான தகடு தாங்கும்படி ஓர் உள்ளாடைக்குக் காப்புரிமை பெற்றார். 1914-இல் மேரி பெல்ப்ஸ் ஜேக்கப் கைக்குட்டைகளை இணைத்துச் செய்த பிராவுக்கு உரிமை வாங்கினார். 1931-இல் ஹெலன் போன்ஸ் திறந்த வளையமாகக் கம்பியை அடியில் வைத்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உலோகத் தட்டுப்பாடு வந்ததால், கம்பி வைத்த பிரா பரவலானது 1950-களில்தான்.

கம்பியின் வேலை மார்பைத் தூக்கி நிறுத்துவது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது கப்பின் அடிவிளிம்பை உடம்போடு ஒட்டி நிறுத்திப் பாரத்தை முதுகைச் சுற்றும் பட்டைக்குக் கடத்துகிறது. தோள்பட்டி சுமப்பது குறைவாகத்தான் இருக்க வேண்டும். பட்டி தோளை அறுத்தால், கீழ்ப்பட்டை தளர்ந்திருக்கிறது என்று பொருள். கம்பியின் வளைவு மார்பகம் விலாவில் தொடங்கும் மடிப்பில் சரியாக உட்கார வேண்டும், முனைகள் சதையின் மேல் ஏறக் கூடாது. குறுகிய கம்பி அக்குள் பக்கம் குத்தும். அகன்றது கையை அசைக்கும்போது உரசும். நைலான் பூச்சுள்ள எஃகு, நெகிழியில் வார்த்தது, வளைத்தாலும் பழைய வடிவுக்குத் திரும்பும் நிக்கல்-டைட்டானியக் கலவை என்று பொருள்கள் மாறின. கம்பி வைத்த நீச்சலுடைக்கு இன்னொரு தொல்லை: உப்பிலும் குளோரினிலும் நனைந்து காய, பூச்சு உரிந்த முனை துருப்பிடிக்கும், உறையைத் துளைத்து வெளியே வரும். நல்ல தையல் கம்பிக்குக் கொஞ்சம் ஓட இடம் விட்டு, முனையில் இரட்டைத் தையல் போடும்.

இவ்வளவும் அளவெடுத்தால்தான் பயன்படும். தமிழ்நாட்டுக் கடைகளில் 34, 36 என்று எண்ணைத் தாழ்ந்த குரலில் சொல்லி, காகிதத்தில் சுற்றி வாங்கிவருவது இன்னும் பல பெண்களின் வழக்கம். மார்புக்குக் கீழுள்ள சுற்றுக்கு ஒரு எண், கப்புக்கு ஒரு எழுத்து என்ற கணக்கில் எழுத்தைக் கேட்பவர் குறைவு, போட்டுப் பார்க்க அறை தருபவர் அதைவிடக் குறைவு. சட்டை போடும் உரிமைக்காகச் சந்தையில் அடிபட்ட பெண்களின் ஊரில், ஒரு பெண் விற்பனையாளர், ஓர் அளவு நாடா, தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை இவற்றைக் கேட்பது பெரிய கோரிக்கை அல்ல.