இந்திரன் பெயர் பெற்ற வழுதாவூர் அம்மோனைட்: பாதிப் பெயர் மட்டும் மாறியது ஏன்?

புதுச்சேரியையும் விழுப்புரம் மாவட்டம் வழுதாவூரையும் ஒட்டிய பாறைகளில் கிடைத்த ஒரு புதைபடிவத்துக்கு 1846-இல் 'அம்மோனைட்ஸ் இந்திரா' என்று பெயர் சூட்டப்பட்டது. இன்று அதன் பெயர் 'சூடோபில்லைட்ஸ் இந்திரா'. முன்பாதி மாறியும் தேவர்கோனின் பெயர் நிலைத்திருக்கிறது.

அம்மோனைட்டுகள் சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்த கடல் உயிரினங்கள், கணவாய்க்கு உறவானவை. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியஸ் காலத்தின் முடிவையொட்டி அழிந்தன.

கே, கன்லிஃப் ஆகியோர் தென்னிந்தியாவில் சேகரித்த புதைபடிவங்களை ஆராய்ந்து விவரித்தவர் பிரிட்டிஷ் இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ். பிரம்மா, விஷ்ணு, வருணன், சூரியன் என இந்துக் கடவுளரின் பெயர்களைச் சிற்றினங்களுக்கு வழங்கிய அவர், எல்லாவற்றையும் 'அம்மோனைட்ஸ்' என்ற ஒரே பேரினத்தில் வைத்தார். அக்கால வழக்கம் அது. எண்ணற்ற வடிவங்களை ஒரே பெயரில் அடைப்பது பின்னர் இயலாததாயிற்று.

1895-இல் ஆஸ்திரியப் புவியியலாளர் ஃபிரான்ஸ் காஸ்மட் தென்னிந்தியப் படிவங்களை மீண்டும் வகைப்படுத்தினார். ஓட்டின் உள்ளறைகளைப் பிரிக்கும் சுவர்கள் வெளி ஓட்டைத் தொடும் இடத்தில் நெளிநெளியான கோடு உண்டாகும். வெளித்தோற்றத்தைவிட உறவுமுறையைக் காட்டுவதில் இந்தக் கோடே நம்பகமானது. 'இந்திரா' பார்வைக்குப் பில்லோசெராஸ் இனத்தை ஒத்திருந்தாலும் வேறு கிளையைச் சேர்ந்தது என்று கண்ட காஸ்மட், 'சூடோபில்லைட்ஸ்' என்ற புதிய பிரிவை ஏற்படுத்தினார். 'சூடோ' என்றால் போலி.

புதிய ஆய்வு பேரினத்தை மாற்றலாம். முதலில் முறையாக வெளியிடப்பட்ட சிற்றினப் பெயருக்கோ முன்னுரிமை உண்டு. எனவே முழுப்பெயர் சூடோபில்லைட்ஸ் இந்திரா (ஃபோர்ப்ஸ், 1846) என்று எழுதப்படுகிறது. பெயரிட்டவர் அடைப்புக்குறிக்குள் இருந்தால், அவர் வைத்த பேரினத்திலிருந்து அந்தச் சிற்றினம் இடம் மாறிவிட்டது என்று பொருள்.

பிரம்மாவின் கதை இன்னும் சுவையானது. 1897-இல் காஸ்மட் அந்தப் பெயரிலேயே 'பிரம்மைட்ஸ்' என்ற பேரினத்தை உருவாக்கினார். விஷ்ணுவின் பெயர் கொண்ட சிற்றினமும் இன்று அதனுள்தான் இருக்கிறது. புராணத்தில் விஷ்ணுவின் உந்தியில் தோன்றியவர் பிரம்மா. வகைப்பாட்டியலில் வரிசை தலைகீழ்.

பெயர்ச் சிக்கல் பாறையின் வயதையும் பாதிக்கும். புதுச்சேரிப் பாறைகளைக் கிரெட்டேசியஸின் முற்பகுதியைச் சேர்ந்தவை என்று ஃபோர்ப்ஸ் கருதினார். அவை அக்காலத்தின் கடைசிப் பகுதியான மாஸ்டிரிக்டியனைச் சேர்ந்தவை என்பது இன்று தெளிவு. 'இந்திரா' தென்னாப்பிரிக்கா, மேற்கு ஆஸ்திரேலியா, கனடாவின் மேற்குக் கரை ஆகிய இடங்களிலும் கிடைத்துள்ளது. ஒரே உயிரினத்துக்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒரு பெயர் வழங்கினால், இந்தப் பாறை அடுக்குகளை ஒப்பிட முடியாது.

அத்தகைய ஐயம் எழும்போது நூல் விவரிப்பு மட்டும் போதாது; பெயருக்கு ஆதாரமான மூல மாதிரியையே பார்க்க வேண்டும். ஃபோர்ப்ஸ் ஆராய்ந்த மாதிரிகள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. புதுச்சேரி அம்மோனைட்டுகளை 1992-இல் மறு ஆய்வு செய்து வெளியிட்ட கென்னடி, ஹெண்டர்சன் ஆகியோரும் 'இந்திரா' என்ற பெயரை அப்படியே ஏற்றனர்.