உமியாலிக்

அலாஸ்காவின் வடகரையில் வாழும் இனுப்பியாத் மக்களின் சொல் இது. 'உமியாக்' என்றால் தோல் படகு; 'லிக்' என்பது உடைமையைக் காட்டும் விகுதி. நேர்ப்பொருள் படகுடையவர். வழக்கில் இது திமிங்கில வேட்டைக் குழுவின் தலைவரைக் குறிக்கும்.

படகை உடையவர் என்பதில் பெரும்பொறுப்பு அடங்கியிருக்கிறது. மரச்சட்டத்தின்மேல் தாடி சீல் என்னும் கடல்நாயின் தோல்களை இழுத்துக் கட்டுவார்கள். அவற்றைத் தசைநார் நூலால், பொட்டுத் தண்ணீரும் புகாதபடி தைப்பவர்கள் பெண்கள். குழுவுக்குச் சோறு போடுவதும், கிடைத்த இறைச்சியை ஊருக்குப் பகிர்ந்தளிப்பதும் உமியாலிக்கின் வீட்டார் கடமை. அதனால் 'தலைவர்' என்று மட்டும் சொன்னால் பொருள் பாதியிலேயே நின்றுவிடும்.

1977இல் சர்வதேசத் திமிங்கில ஆணையம், எண்ணிக்கை அருகிவிட்டதென்று வில்தலைத் திமிங்கில வேட்டைக்குத் தடை விதித்தது. பனிக்கு அடியிலும் திமிங்கிலங்கள் போகின்றன, அவை கணக்கில் வரவில்லை என்றார்கள் உமியாலிக்குகள். பின்னர் நீருக்குள் ஒலிவாங்கிகளை இறக்கிக் கேட்டபோது அவர்கள் சொன்னதே மெய்யானது. அந்த அறிவை முதலிலேயே மதித்திருக்க வேண்டும்.

தடை வந்த அதே ஆண்டு உமியாலிக்குகள் அலாஸ்கா எஸ்கிமோ திமிங்கில வேட்டை ஆணையத்தை அமைத்தார்கள். 1981இல் அமெரிக்க அரசோடு கூட்டு மேலாண்மை உடன்படிக்கை ஏற்பட்டது. தடைக்குப் பதிலாக ஒதுக்கீட்டு முறை வந்துவிட்டது; இன்று வேட்டை ஒதுக்கீட்டை ஊர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது இந்த ஆணையம்தான். அதில் வாக்குரிமை உள்ளவர்கள் உமியாலிக்குகள்.