ஈரத் தானியமும் பழைய மோட்டார் வண்டியும்

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டையைக் கடந்து மாத்தளைக்கும், அதற்கப்பால் யாழ்ப்பாணத்துக்கும் செல்லும் ஏ9 வீதியில், பிங்கா ஓயாவின் கரையில் அமைந்த வர்த்தக ஊர் அக்குறணை. பெருமழைக் காலங்களில் ஓயா கரையேறிக் கடைவீதிக்குள் புகுவதும், வெள்ளம் வடிந்தபின் வியாபாரிகள் சேற்றைக் கழுவிக் கடை திறப்பதும் இவ்வூரார்க்குப் பழகிய துன்பமாதலால், நீரில் நின்ற பொருள் உலர்ந்தபின் எத்துணை நல்ல பொருள்போலத் தோற்றும் என்பதை அவர்களுக்கு வேறெவரும் போதிக்க வேண்டியதில்லை. புதிய ஸ்போர்ட்ஸ் கார் நம்பத்தக்கதா, சோதித்துச் சான்றளிக்கப்பட்ட பழைய கார் நம்பத்தக்கதா என்னும் இக்கால வினாவுக்கு விடை தேட அவ்வூரே ஏற்ற இடம்.

இலங்கைக்கு முதல் மோட்டார் வண்டி வந்தது 1902இல். 1934இல் நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் தொடங்கியபோது, வேகத்துக்கென்றே செய்த வாகனங்கள் மலைநாட்டுச் சரிவுகளில் பரீட்சிக்கப்பட்டன. சுதந்திரத்துக்குப் பின் அந்நியச் செலாவணி அருகி, 1960களில் இறக்குமதி இறுகியதும், புதிய கார் என்பது சாமானியருக்குக் கனவாயிற்று. மொரிஸ் மைனரும் ஒஸ்டினும் ‘பாஸ்’ எனப்படும் கராஜ் திருத்துநர்களின் கைத்திறத்தால் ஆண்டுக்கணக்கில் உயிர்வாழ்ந்தன. அக்காலத்தில் வண்டியின் யோக்கியதைக்குப் பிரமாணம் காகிதமன்று. அதைப் பிரித்துப் பூட்டிய பாஸின் வாய்ச்சொல்லே.

1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டபின், ஜப்பானியர் சில ஆண்டுகள் ஓட்டிக் கழித்த கார்கள் ‘ரீகண்டிஷன்’ என்னும் பெயரோடு துறைமுகத்தில் இறங்கலாயின. வண்டியின் பூர்விகத்தை அறிந்த பாஸ் கடலுக்கு அப்பால் நின்றமையால், அவருடைய இடத்தை ஜப்பானிய வாகன ஏலத்தில் எழுதப்படும் ஏலத்தாள் பிடித்தது. கீறலும் நசுங்கலும் எங்கெங்கே உள்ளன, விபத்தில் அடிபட்டுத் திருத்தப்பட்டதா என்பவற்றைக் குறியீடுகளால் அறிவிக்கும் அத்தாள் நேர்மையான சாட்சிதான்; ஆனால் மீட்டரைப் பின்னோக்கித் திருப்பும் கைகள் தாளையும் திருத்தக்கூடும் என்பதை வாங்குவோர் நட்டப்பட்டே கற்றனர். அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்தில் லெக்சஸ் முதலிய நிறுவனங்கள் தம் பழைய கார்களைத் தாமே சோதித்துச் சான்றளித்து விற்க முன்வந்ததும் இத்தகைய அவநம்பிக்கைக்குப் பரிகாரமாகவே.

பிரித்தானியர் 1896இல் இயற்றிய பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், சில பாதுகாப்புகளை அளித்தபோதிலும், பார்த்து வாங்கும் பொறுப்பைப் பெரும்பாலும் வாங்குவோன்மீதே சுமத்திற்று. அக்குறணை முஸ்லிம்கள் போற்றும் மார்க்கச் சட்டமோ, குறையை வெளிப்படுத்துதல் விற்போன் கடமை என்றும், மறைத்து விற்ற பொருளைத் திருப்பிக்கொடுக்க வாங்கியவனுக்கு உரிமையுண்டு என்றும் விதிக்கின்றது. நபிகள் நாயகம் சந்தையில் ஒரு தானியக் குவியலுள் கைவிட்டு, அடியில் ஈரம் கண்டு, மழையில் நனைந்ததென்று விற்பவர் கூறியபோது, அதை மக்கள் காண மேலே வைக்கலாகாதா என வினவிய ஹதீஸ் இங்கு யாவரும் அறிந்தது.

ஸ்போர்ட்ஸ் காரை நிறுக்கவேண்டிய தராசும் அதுவே. புதிய வண்டியின் மேன்மை, அதை எவரும் துன்புறுத்தவில்லை என்பதிலும், பழுதுக்கு உற்பத்தியாளரே உத்தரவாதம் ஏற்பதிலும் உள்ளது. எனினும் புதிய மாதிரியின் முதல் தொகுதியில் தயாரிப்புக் குறைகள் வெளிப்படுவதும் உண்டு. பழைய வண்டியில் அக்குறைகள் தெரிந்து நீங்கியிருக்கலாம். ஆனால் கிளச்சும் பிரேக்கும் டர்போவும் எத்தனைமுறை கொதித்தன என்பதை மீட்டரின் கிலோமீற்றர் எண்ணிக்கை சொல்லாது. ஆதலின், எண்ணெய் மாற்றிய தேதியும் திருத்திய பாகமும் எழுதிய பராமரிப்புப் பதிவில்லாத சான்றிதழ் வெறும் அலங்காரமே.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கும்வரை, பழைய வண்டிகளே, அவை புதியவையாய் விற்ற விலையையும் விஞ்சி, நாட்டைச் சுமந்தன. தேவை மிகுந்த அத்தகைய காலத்திலேதான் குறையை மறைக்கும் ஆசையும் மிகும். ஆகவே, பழுதொன்றுமில்லையென்று புகழும் சான்றைவிட, இன்ன இடத்தில் இன்ன பழுதிருந்தது, இவ்வாறு திருத்தினோம் என்று ஒப்புக்கொள்ளும் சான்றையே நான் நம்புவேன். ஈரத்தை மேலே வைத்து விற்கும் வியாபாரியிடம் பழைய வண்டியையும் அச்சமின்றி வாங்கலாம்.