வண்டி மையும் எஞ்சின் ஆயிலும்

செங்கோட்டையிலிருந்து புளியரை எஸ் வளைவில் ஏறி ஆரியங்காவு போகும் பாதையில், நல்ல எண்ணெய் தேடுகிற அக்கறை மோட்டார் காருக்கு முந்தியது. 1904-இல் செங்கோட்டை–கொல்லம் ரயில் ஓடத் தொடங்கும்வரை ஆரியங்காவுக் கணவாயின் சரக்குக்கு மாட்டு வண்டிதான் கதி. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்தால் வண்டி மை. கடையாணியைக் கழற்றி, சக்கரத்தை இழுத்துவிட்டு, அச்சில் அதைத் தடவுவார்கள். மை காய்ந்தால் சக்கரக் குடம் அலறும், ஏற்றத்தில் மாடு திணறும், அச்சு தேயும். விளக்கெண்ணெய் கொழகொழப்பானது, இரும்பை விட்டு எளிதில் வழியாது. அதனால்தான் அது அச்சுக்கு வந்தது. சுமைக்கும் சூட்டுக்கும் ஏற்ற எண்ணெய் என்ற கணக்கு அன்றே இருந்திருக்கிறது.

மாட்டு வண்டியையும் காரையும் ஒப்பிடலாமா என்று கேட்கலாம். வேகமும் வெப்பமும் வேறுதான், வேலை ஒன்றே. உரசும் இரண்டு இரும்புக்கு நடுவே ஒரு மெல்லிய படலம் நிற்க வேண்டும். ஆரம்பகால மோட்டார்கள் சிலவும் விளக்கெண்ணெயை நாடின. 1909-இல் பிறந்த காஸ்ட்ரால் என்ற ஆயிலின் பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. முதல் உலகப்போர் விமானங்களின் சுழல் எஞ்சின்களில் ஊற்றியதும் அதையே. பெட்ரோலில் அது எளிதில் கரையாது. அப்படியானால் பழைய எண்ணெயே சிறந்ததல்லவா? இல்லை. கடும் சூட்டில் அது பிசினாகி எஞ்சினுக்குள் ஒட்டிக்கொள்ளும், அடிக்கடி பிரித்துத் துடைக்க வேண்டும். நெடுநாள் ஓடும் காருக்கு, கச்சா எண்ணெயிலிருந்து எடுத்து, சேர்மானங்கள் கலந்த வகையே நிலைத்தது.

வெயில் ஊருக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது என்ற வாதம் இன்னும் பலமாக இருக்கிறது. வண்டி அச்சுக்கு அது சரி. எஞ்சினிலோ, காலையில் சாவி திருப்பிய அந்த நொடியில் ஆயில் மேலே ஏறியாக வேண்டும். கெட்டி ஆயில் தாமதிக்கும், அதற்குள் உலோகம் உரசிவிடும். ஆயில் டப்பாவில் உள்ள 5டபிள்யூ-30 என்ற குறியில் முதல் எண் குளிரில் ஓடும் தன்மையையும், பின்னது சூட்டில் நிற்கும் தடிமனையும் சொல்கிறது. ஆயில் கறுத்ததுமே கெட்டுவிட்டதென்பதும் தவறு. அழுக்கைக் கரைத்துத் தன்னிடம் வைத்துக்கொள்வது அதன் வேலை. நிறத்தை நம்பாமல் கிலோமீட்டரையும் காலத்தையும் பாருங்கள். கார் கையேட்டில் அச்சிட்ட எண்ணும் ஏ.பி.ஐ. என்ற தரக் குறியும் டப்பாவில் இருக்கிறதா என்று படித்து வாங்குங்கள். குற்றாலம் சீசனுக்குக் கிளம்பும் முன், சமதரையில் நிறுத்தி, ஆயில் குச்சியைத் துடைத்து அளவு பாருங்கள்.